சந்தனம் பட்ட கார்டு

அந்த வியாழக்கிழமை சுதர்ஷினி ஒரு இடத்தில் நிலையாக உட்காரவில்லை. கணினிக்கு முன்னால் இருப்பாள். சட்டென்று எழுந்து வாசல் திண்ணையான இஸ்தோப்புக்குப் போவாள். எதிரே இருக்கிற ரப்பர் மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுப்பில் எதையோ வைத்து மறந்தவள்போல உள்ளே ஓடி வருவாள். அம்மா புஷ்பம் ஊற்றிக் கொடுத்த பிளேன்டீ மேசையிலேயே ஆறிக் கிடந்தது. காலில் சக்கரம் கட்டியவள் என்று மகளை ஏசுவது புஷ்பத்துக்கு வழக்கம். அன்றைக்கு ஏசவும் பயந்து அவள் அடுப்படியில், குசினியிலேயே ஒதுங்கிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கணினியின் வயிற்றைத் திறந்து, பழைய ஒயர்லெஸ் கார்டைக் கழற்றி, புத்தம்புதுக் கார்டு ஒன்றை சுதர்ஷினி மாட்டியிருந்தாள். கணினியோ அப்படி ஒரு சாமானே தனக்குள் இல்லை என்று சாதித்தது. மறுநாள் காலையில் அவளுக்கு நேர்முகத் தேர்வு.

கொழும்பில் ஒரு கம்பெனி. வீட்டிலிருந்தபடியே கணினி வழியாக வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. தமிழும் சிங்களமும் தண்ணீர் பட்ட பாடாக வர வேண்டும். தெரணியகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் என்ன குறை? போன மாதம் முதல் சுற்று நடந்தது. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். பாதியில் படம் நின்றுவிட்டது. குரல் வாளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகி, அதுவும் அறுந்துபோனது. தேர்வு நடத்திய சிங்கள நோனா நல்ல மனுசி. நீ நன்றாகப் பேசுகிறாய், உன் லைன்தான் பேசமாட்டேன் என்கிறது, அதைச் சரிசெய்துகொண்டு வெள்ளிக்கிழமை வா, நாளைக்கு எந்த மேசையில் வேலை செய்வாயோ அதே மேசையிலிருந்து வா என்று சொல்லியிருந்தார். இன்னொரு தவணை கிடையாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

வேலை என்பது சுதர்ஷினிக்கு வெறும் வேலை இல்லை. அக்கா நிரோஷா குவைத்துக்குப் போய் ஆறாவது வருஷம் நடக்கிறது. யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, யாரோ ஒருவர் துணியைத் தேய்த்து, இந்த வீட்டு உலையை அவள்தான் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். எப்போது கேட்டாலும் அக்காவிடம் ஒரே பதில்தான் இருந்தது: “சுதாவுக்கு ஒரு வேல அமையட்டும். அடுத்த பிளேன்லயே வந்துர்றேன்.” அதனால் சுதர்ஷினிக்கு இந்த வேலை அக்காவின் பிளேன் டிக்கெட்டாகவே கண்ணுக்குத் தெரிந்தது. தன்னால்தான் அக்கா அங்கே கிடக்கிறாள் என்று ஒரு முள், எந்நேரமும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

வாய்பேசாத கணினியை அவள் முறைத்துப் பார்த்தாள். அது இருக்கிற மேசை, அக்காவின் கட்டில் இருந்த இடம். இருப்பது ஒரே அறை, ஒரே காம்பரா; நோனா கேட்கிற மாதிரி தனி மேசை போட வேறு மூலை ஏது? அப்பாதான் கட்டிலைக் கழற்றி, மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான சூசையம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அவள் வரும்போது பார்த்துக்கொள்வோம் என்றார்.

மேல் லயம் மேட்டில் இருக்கிறது. டவர் அங்கிருந்து நேராகத் தெரியும். அதனால் ராவுட்டரும் அங்கே, சூசையம்மாவின் புருஷன் இராயப்பன் வீட்டு ஜன்னலில் இருந்தது. இவர்கள் இருக்கிற கீழ் லயம் பள்ளத்தில், ஆற்றோரமாக, தகரத்துக்கும் பாறைக்கும் நடுவே கிடக்கிறது. இங்கே ராவுட்டரை வைத்தால் அது வெறும் விளக்கு எரிகிற டப்பா. மேலே இருந்து வயர் இழுக்கலாம் என்றால் குரங்குகள் விடாது. போன முறை இழுத்த கொடியை இரண்டே நாளில் ஊஞ்சலாக்கிவிட்டன. ஆக, மேட்டிலிருந்து காற்றில் இறங்கி வருகிற வைஃபையை இந்தப் பெட்டி எட்டிப் பிடித்தால்தான் உண்டு. பழைய கார்டுக்கு அந்தக் கை நீளம் இல்லை. அதன் ஏரியல் சுண்டுவிரல் அளவு. அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்காவோடு பேசுகிற பேச்சும் அந்தக் கார்டால் அரைகுறைதான். அடுத்தவர் வீட்டில் நின்று மகளோடு பேச அப்பா ஏழுமலைக்குப் பிடிக்காது. கீழேயே இருந்து, வெள்ளிக்கிழமைகளில், அக்காவுக்கு லீவு கிடைக்கிற நேரத்தில் கூப்பிடுவார்கள். சாப்பாடு, மழை, யார் வீட்டில் கல்யாணம் என்று பேச்சு ஓடும். கடைசியில் அப்பா, “நீ எப்ப வர்ற பாப்பா?” என்பார். படம் நின்றுவிடும். வாய் பாதி மூடியபடி அக்கா அப்படியே உறைந்து நிற்பாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அறுந்துபோய், சிக்னல் போச்சு என்று அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வரும். அப்பா அந்தப் பெட்டியைப் பார்த்து, ரப்பர் பால் வெட்டுகிற கத்தியாலேயே ஒரு நாள் இதைக் கொத்திப்போடுகிறேன் என்று கருவுவார்.

புதுக் கார்டைத் தேர்ந்து கொடுத்தவர் தெரணியகலையில் கணினிக் கடை வைத்திருக்கிற சாலி நானா. கார்டுக்கு இரண்டு ஏரியல்; நீளமான வயரின் முனையில் காந்தம் வைத்த அடி. அந்த வயரை வெளியே எடுத்து ஜன்னல் கம்பியில் ஏரியலை ஒட்டவைத்துவிட்டால், மேல் லயம் என்ன, மலை உச்சியிலிருந்தே இழுக்கும் என்று சாலி நானா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். புதன்கிழமை பகலில் சுதர்ஷினி அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அன்றைக்குச் சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு.

சுதர்ஷினி பால்குடம் எடுக்கிறாள். அப்பா தீ மிதிக்கிறார். இரண்டு பேர் கையிலும் மஞ்சள் காப்பு ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திருவிழா முடியும்வரை கவிச்சி இல்லை, சாராயம் இல்லை, காப்புக் கட்டிய வீட்டார் தோட்டத்து எல்லையைத் தாண்டுவதும் இல்லை. எல்லை என்பது ஆற்றுப் பாலம். பஸ் நிற்பது பாலத்துக்கு அந்தப் பக்கம். அவர்களில் யாராவது தாண்டிப் போய், தீ மிதிக்கிறவர் யாருக்காவது கால் பொத்துப்போனால், எந்த வீட்டு வாசலில் போய் நின்று நியாயம் கேட்க வேண்டும் என்று தோட்டம் முழுவதற்கும் தெரியும்.

வியாழன் காலையிலேயே, மாட்டிய கார்டு அசையாததும், சாலி நானாவுக்குப் போன் செய்தாள். அவர் சொன்னபடி மேல் லயத்துக்கு ஏறிப்போய், கார்டுக்கான மென்பொருளைப் போனில் இறக்கி, ஓடி வந்து கணினியில் போட்டாள். சாமானைக் காணவில்லை என்றது கணினி. கழற்றி மாட்டினாள். காணவில்லை. பழைய கார்டைத் திரும்ப மாட்டினாள். அது தன் பழைய நொண்டி நடையில் உடனே எழுந்து நின்றது. பெட்டியில் பழுதில்லை. புதுசைப் போட்டாள். மறுபடியும் காணவில்லை.

“புதுச் சாமான் தங்கச்சி, அது மவுத்தாகி ஈக்காது,” என்று, கார்டு செத்திருக்க வழியே இல்லை என்றார் சாலி நானா. பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைக்குக் கொண்டு வந்தால் நிமிஷத்தில் பார்த்து, தேவையென்றால் மாற்றியே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். தன்னிடம் வேலைக்கு ஆளில்லை, கடையை அடைத்துவிட்டு வர முடியாது என்றும் வருத்தப்பட்டார்.

சுதர்ஷினி கார்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள். அம்மா குசினியிலிருந்து எங்கே என்று கேட்டது காதில் விழுந்தது, பதில் சொல்லவில்லை. பாலத்தடிக்கு வந்தபோது பஸ்ஸின் இரைச்சல் மேல் வளைவில் கேட்டது. ஏறினால் தெரணியகலை. போய் வருவதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு காலைப் பாலத்துப் பலகையிலும் வைத்துவிட்டாள். அம்மன் இதையெல்லாம் கணக்கில் வைப்பாளா, மாட்டாளா என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. நம்பிக்கை பாதி, நம்பாதது பாதி. ஆனால் அப்பாவின் பாதம் தெரியும். மழையிலும் சேற்றிலும் ரப்பர் மலையில் மரம் மரமாகத் தேடி ஏறி இறங்கி, பாளம் பாளமாக வெடித்த பாதம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதம் தணலில் இறங்கப்போகிறது. பஸ் வந்து நின்று, ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. சுதர்ஷினிக்கு அம்மன்மேல், அப்பாமேல், பஸ்மேல், எல்லார்மேலும் கோபம் வந்தது. கண்ணில் பட்ட கல்லை எத்தினாள். கால்விரல்தான் வலித்தது.

இஸ்தோப்புக்குத் திரும்பி வந்து, வெளிச்சத்தில் உட்கார்ந்து, கார்டை வெளியே எடுத்தாள். இதைத் தூக்கி ஆற்றில் எறிந்தால் என்ன என்ற யோசனையில், ஸ்லொட்டுக்குள் இறங்குகிற அதன் தங்கப்பல் வரிசையைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். வியர்வையைத் துடைக்க அந்தக் கை மூக்குப் பக்கம் வந்தது. கோயில் வாசம் அடித்தது.

திரும்ப முகர்ந்து பார்த்தாள். சந்தனம். கார்டை வெயிலில் சாய்த்துப் பிடித்தாள். பற்களுக்கு நடுவே, இடுக்கு இடுக்காக, காய்ந்த சந்தனம் பொடியாக ஏறியிருந்தது. ஓரத்தில் குங்குமத்தின் சிவப்பும் ஒரு கீற்று.

“அம்மா,” என்று கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டே புஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். கேட்காமலே சொல்லவும் தொடங்கினாள். புது லொறி, புதுக் கத்தி, புது மாட்டுக் கயிறு, எது வந்தாலும் அம்மன் காலடியில் வைத்து எடுக்காமல் ஏழுமலை தொட்டதில்லை. நேற்றுக் காப்புக் கட்டப் போகும்போது இந்தச் சாமானையும் மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். பூசாரி பூசை பண்ணிச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கொடுத்திருக்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இந்தப் பூசாரி தாராளமாகவே கொடுத்திருந்தார்.

“நீ பாத்தா சத்தம் போடுவன்னு, நாந்தான் ஈரத் துணியால தொடச்சு வெச்சேன்,” என்றாள் அம்மா. துடைத்ததில்தான் சந்தனம் கரைந்து இடுக்குக்குள் இறங்கியிருந்தது.

விவரத்தைக் கேட்ட சாலி நானாவுக்குப் போனில் ஒரு இருமல் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று சுதர்ஷினிக்கு விளங்கியது. பிறகு வழி சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் பல்லை மெதுவாகத் தேய்க்க வேண்டும். இடுக்கில் இருப்பதை ஸ்பிரிட் தொட்ட பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். நன்றாகக் காயவிட்டு மாட்ட வேண்டும். ஸ்பிரிட் இல்லாவிட்டால் சாராயம் இருந்தாலும் பரவாயில்லை என்றார். காப்புக் கட்டிய வீட்டில் சாராயத்துக்கு எங்கே போவது? அம்மா மேல் லயத்துக்கு ஓடினாள். சூசையம்மா வீட்டில் காப்பும் இல்லை, சாராயமும் இல்லை. ஆனால் காய்ச்சல்காரர் நெற்றியில் போடுகிற ஓடிகொலோன் ஒரு போத்தல் இருந்தது. அதைக் கையோடு எடுத்துக்கொண்டு சூசையம்மாவே இறங்கி வந்து, சிலுவை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சுதர்ஷினி தேய்த்தாள். ஊதினாள். மறுபடி தேய்த்தாள். நடுநடுவே நிறுத்தி, எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள். சந்தன வாசம் போய், கார்டில் ஆஸ்பத்திரி வாசம் வந்தது. நன்றாகக் காயவிட்டாள். மாட்டி, திருகி, கரண்டைப் போட்டாள்.

கணினி கார்டைக் கண்டுபிடித்தது. ஏரியலை ஜன்னல் கம்பியில் ஒட்டியதும், திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் ஒன்றுவிடாமல் வெள்ளையாக நிறைந்தன. சூசையம்மா தோத்திரம் சொன்னாள், அம்மா மாரியாத்தா என்றாள். சுதர்ஷினி இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்விகளைச் சாயங்காலம் வரை வரிசையாகக் கட்டி வைத்திருந்தாள். ஏழுமலை கோயிலிலிருந்து வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, முதலில் ஜன்னல் ஏரியலைத்தான் பார்த்தார்.

“புடிச்சிருச்சா?”

“புடிச்சிருச்சுப்பா.”

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், கட்டி வைத்த வரிசை அவிழ்ந்து போனது. பொட்டு வைத்தால் போதும் என்று பூசாரி சொன்னாராம். இவர்தான், தங்கம் இருக்கிற இடத்தில் தாராளமாக வை சாமி என்று கேட்டு வாங்கினாராம். “பெரியவ வந்து சேரணும்னுதான் வேண்டிக்கிட்டேன். வேறொண்ணுங் கேக்கல,” என்றார். ஓடிகொலோன் போத்தலை அம்மா முந்தானையில் மறைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் ஒலிபெருக்கி மலையை உலுக்கிக்கொண்டிருந்தது. சுதர்ஷினி கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கை அடைத்து, மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நோனா தமிழில் பேச ஒரு தமிழ் அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். கோபக்கார வாடிக்கையாளர்போல நோனா சிங்களத்தில் சத்தம் போட்டும் பார்த்தார்; லயத்துத் தண்ணீர்ப் பைப்படியில் வளர்ந்தவளுக்கு அதெல்லாம் ஒரு சத்தமா? படம் ஒரு தரம்கூட நிற்கவில்லை. பாட்டுச் சத்தம் கேட்கிறதே என்று நோனா கேட்டதற்கு, அம்மன் திருவிழா, ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடும் என்று உள்ளதைச் சொன்னாள். நோனா சிரித்தார்.

“ஹரி,” என்று சிங்களத்தில் சரி சொன்னார். “சுதர்ஷினி, அடுத்த மாசம் தொடங்குவோம்.”

அப்பாவையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டாள். அழுகையும் சிரிப்புமாகச் சொல்லி முடித்தாள். அக்காவின் லீவு நேரம் வந்ததும், அப்பா முகம் கழுவித் திருநீறு பூசி, கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்தார்.

அக்கா திரையில் வந்தாள். இவ்வளவு தெளிவாக அவளை அவர்கள் வருஷக்கணக்கில் பார்த்ததில்லை. காது ஓரத்தில் நரை இருப்பது தெரிந்தது. மூக்குத்தி மாறியிருந்தது. அவளுக்கும் இவர்கள் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். கண் காம்பராவைச் சுற்றிச் சுற்றி வந்தது.

“என் கட்டில் எங்க?” என்றாள்.

சூசையம்மா வீட்டில் பத்திரமாக இருக்கிறது, நீ வருகிற அன்றைக்கு நானும் இராயப்பனும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம் என்றார் அப்பா. அவள் ம் என்றாள். வேலை கிடைத்த கதையைச் சுதர்ஷினி சொன்னபோது அவள் கண் நிறைந்தது. அதில் கள்ளமில்லை, உண்மையான சந்தோஷம். சந்தனம் வைத்த கதையை அப்பா ஒருதரம் சொன்னார். அதன்பிறகு, அவருக்கு வேறு எதையும் பேசப் பொறுமை இல்லை.

“தங்கச்சிக்கு வேல அமைஞ்சிருச்சு. இனி நீ எப்ப வர்ற பாப்பா?”

அக்கா உறைந்து நின்றாள். வாய் பாதி மூடியபடி, கண் இமைக்காமல், எப்போதும்போல.

குசினி வாசலில் நின்ற அம்மா, ஐயோ மறுபடி நின்னுருச்சே என்றாள். சுதர்ஷினியின் கை தன்னால் சுட்டியைத் தேடிப் போனது. கண் சிக்னலைப் பார்த்தது. எல்லாக் கோடுகளும் நிறைந்து, வெள்ளையாக இருந்தன. அப்போதுதான் கவனித்தாள். அக்காவின் தோளுக்குப் பின்னால் ஒரு நீலத் திரைச்சீலை. ஏஸி காற்றில் அது உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது.

படம் நிற்கவில்லை; சுதர்ஷினி சுட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். எத்தனை வெள்ளிக்கிழமை. அத்தனையும் கார்டின் குற்றம் இல்லை. தன்னால்தான் அக்கா அங்கே கிடக்கிறாள் என்று தான் சுமந்த முள்ளும் பாதி பொய். சிக்னல் போச்சுப்பா என்று சொல்லி, எல்லாவற்றையும் அணைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அப்பா அதற்குள் திரைக்குக் கிட்டத்தில் குனிந்திருந்தார்.

“பின்னால துணி ஆடுதும்மா,” என்றார். குரலில் கோபமே இல்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கன்னத்தில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது.

“அந்தக் கட்டில் சூசையம்மா வீட்டுலயே இருக்கட்டும்ப்பா. இங்க எனக்குன்னு ஒரு காம்பரா குடுத்திருக்காங்க. சாவியும் என் கையில. எனக்கு இங்கயே பழகிருச்சு.”

கோயில் ஒலிபெருக்கி ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கியது. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழுமலை மணிக்கட்டுக் காப்பை அங்குமிங்கும் திருகிக்கொண்டிருந்தார்.

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாம் பாப்பா,” என்றார் கடைசியில். “நான் இவ்வளவு காலமா அந்தப் பொட்டியத்தான ஏசிக்கிட்டு இருந்தேன்.”

அக்கா விம்மினாள். அந்த விம்மலும்கூட அறுபடாமல் முழுசாக வந்து சேர்ந்தது. சுதர்ஷினிக்கு அழுகை தாங்கவில்லை. மேசை இழுப்பறையில் கிடக்கிற பழைய கார்டை எடுத்துத் திரும்ப மாட்டிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. லைன் அறுந்துவிடாதா என்று பார்த்தாள். அறவில்லை. அப்பா தோளில் கிடந்த துவாயால் திரையில் அக்காவின் கன்னம் இருந்த இடத்தைத் துடைத்துவிட்டு, சாப்பிட்டியாம்மா என்று கேட்டார்.